டேபிள் 14

அப்பா எல்ஐசி ஏஜென்ட். சாத்தூரில் அவரை ‘இன்சூரன்ஸ் அண்ணாச்சி’ என்றுதான் கூப்பிடுவார்கள். சைக்கிள் ஹேண்டில்பாரில் ஒரு ரெக்சின் பை தொங்கும். அதற்குள் ஃபாரங்கள், கைநாட்டு வைக்கிறவர்களுக்காக ஒரு ஸ்டாம்ப் பேடு, போகிற வீட்டில் குழந்தை அழுதால் கொடுக்க ஒரு பொட்டலம் காராச்சேவு. எனக்குக் கையெழுத்து நன்றாக வரும் என்பதால் எட்டாம் வகுப்பிலேயே ப்ரபோசல் ஃபாரம் நிரப்பும் வேலை என் தலையில் விழுந்தது.

பெயர், தொழில், வயது எல்லாம் எழுதி முடித்ததும் குடும்ப விவரம் என்று ஒரு கட்டம் வரும். தகப்பனார் இருக்கிறாரா, தாயார் இருக்கிறாரா, உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர், இல்லையென்றால் எந்த வயதில் போனார்கள், எதனால் போனார்கள். நிப்புப் பட்டறையில் வேலை பார்த்த ஒருவர் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டே வந்தவர், இந்த இடத்தில் நின்றுவிட்டார்.

“செத்தவுகளப் பத்தி எதுக்கு அண்ணாச்சி கேக்காக?”

“நீங்க எம்புட்டு நாள் இருப்பீகன்னு அவுக கணக்குப் போட வேண்டாமா?”

“போட்டு முடிச்சா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க.”

அப்பா விற்றதில் முக்கால்வாசி டேபிள் 14. எண்டோமென்ட் பாலிசிக்கு அப்போதிருந்த எண் அது. இருபது வருடம் கட்ட வேண்டும்; நடுவில் இறந்தால் குடும்பத்துக்கு, இருந்தால் நமக்கே போனஸோடு. இதைச் சொல்லும்போது அப்பா முதல் பாதியை முழுங்கிவிடுவார். சாவு என்ற சொல்லே அவர் வாயில் வராது. “ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா” என்று வேகமாகச் சொல்லிவிட்டு, “இருபதாவது வருஷம் கையில முழுசா வாங்குறீக” என்பதற்குத் தாவிவிடுவார். எதிரில் இருப்பவருக்கும் அதுதான் வேண்டும். இன்சூரன்ஸ் என்ற பெயரில் எங்கள் ஊரில் விற்றதெல்லாம் சேமிப்புதான். சாவுக்கான காப்பு அதற்குக் கொசுறு.

ஒரு கோடை விடுமுறையில் எங்களைச் சென்னைக்குக் கூட்டிப்போனார். மெரினாவுக்கும் முன்னால் பார்த்தது மவுன்ட் ரோடு எல்ஐசி கட்டிடம். எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்று விரல்விட்டு மாடிகளை எண்ணச் சொன்னார். “பதினாலு மாடி. பதினாலாம் டேபிள். பாத்தியா பொருத்தத்த?” அவருக்கு அந்தக் கட்டிடத்தின் கதை அத்துப்படி. அதைக் கட்ட ஆரம்பித்தவர் யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனத்தை நடத்திய எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். 1954இல் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் அவர் இறந்துபோனார். 1956இல் அரசு 245 காப்பீட்டு அமைப்புகளைச் சேர்த்து எல்ஐசியை உண்டாக்கியபோது, பாதியில் நின்ற கட்டிடமும் அதன் கைக்கு வந்தது; 1959இல் திறந்தார்கள். “இன்சூரன்ஸ் கம்பெனி மொதலாளிக்கே நாளைக்கு என்னன்னு தெரியல பாரு” என்று அப்பா சொன்னது, அந்த வெயிலில் எனக்கு வெறும் பேச்சாகத்தான் இருந்தது. ஐஸ்க்ரீம் வாங்கித் தருவாரா என்பதே கவலை.

1993 அக்டோபர். ஆயுத பூஜைக்குப் பத்து நாள் இருந்தது. சிவகாசியிலிருந்து காலண்டர் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போன லாரி ஒன்று நெல்லூர் தாண்டிக் கவிழ்ந்தது. டிரைவர் எங்கள் பக்கத்துத் தெருக்காரர். முப்பத்திரண்டு வயது. மூத்தவன் ஒன்றாம் வகுப்பு, இளையது இன்னும் நடக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவர் மனைவி வந்தார். ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் உறையில் பாண்டை வைத்திருந்தார். பாலிசிப் பத்திரத்துக்கு எங்கள் பக்கத்தில் பாண்டு என்றுதான் பெயர். “அவுக உங்ககிட்ட குடுக்கச் சொல்லியிருந்தாக அண்ணாச்சி” என்று திண்ணையின் ஓரத்தில் வைத்தார். அப்பா அதைத் தொடவில்லை. உள்ளே போய்த் தன் நோட்டை எடுத்துப் பார்த்தார். பிறகு நோட்டை மூடிவிட்டுக் கொல்லைப்புறம் போய் வெகுநேரம் நின்றார். நான்தான் அந்த அக்காவுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

25,000 ரூபாய் பாலிசி. 1989 மார்ச் 28இல் ஆரம்பம், அரையாண்டுத் தவணை. எட்டுத் தவணை ஒழுங்காகக் கட்டியிருந்தார். 1993 மார்ச் தவணை கட்டவில்லை. விதிப்படி ஏஜென்ட் பிரீமியம் வசூலிக்கக் கூடாது. ஆனால் லாரி டிரைவர் கிளை அலுவலகத்து கவுன்டர் நேரம் பார்த்து ஊரில் இருப்பாரா? அப்பா தன் கையிலிருந்து கட்டிவிட்டு, அவர் லோடு இறக்கித் திரும்பியதும் வாங்கிக்கொள்வார். நாலு வருடமும் அப்படித்தான் ஓடியது. அந்த வருடம் வைகாசியில் என் அக்கா கல்யாணம். அப்பா கையில் காசில்லை. டிரைவருக்கும் ஞாபகமில்லை, அப்பாவுக்கும் கேட்க முடியவில்லை.

மூன்று வருடத்துக்கு மேல் கட்டிய பாலிசியில் ஒரு சலுகை உண்டு. தவணை தவறிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் இறந்தால், பாக்கியைக் கழித்துக்கொண்டு முழுத் தொகையும் கிடைக்கும். அந்த ஆறு மாதம் செப்டம்பர் 28இல் முடிந்திருந்தது. லாரி கவிழ்ந்தது அதற்குப் பதினைந்து நாள் கழித்து.

ஆகவே பாலிசி ‘பெய்டப்’. நாற்பது தவணையில் எட்டு கட்டியதற்கு ஐந்தில் ஒரு பங்கு, 5,000 ரூபாய். நாலு வருட போனஸையும் சேர்த்துப் பதினோராயிரம் சொச்சத்துக்குச் செக் வந்தது. தவணை தவறாமல் இருந்திருந்தால் 25,000. விபத்து என்பதால் இன்னொரு 25,000. அதற்கு மேல் போனஸ். ‘டபுள் ஆக்சிடென்ட்’ என்ற அந்த இரட்டிப்புக்காக அவர் ஆயிரத்துக்கு ஒரு ரூபாய் வீதம் வருடத்துக்கு 25 ரூபாய் கட்டிவந்தார்.

“நீங்க என்ன செய்வீக அண்ணாச்சி, அவுகல்ல கட்டாம விட்டாக” என்றார் அந்த அக்கா. ஆறு மாதக் கணக்கை அப்பா அவரிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் ராத்திரி சொன்னதை நான் பாயில் படுத்தபடி கேட்டேன். மறு வாரத்திலிருந்து வீட்டில் 15 காசு போஸ்ட் கார்டு கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. ஒவ்வொருவருக்கும் தவணைத் தேதிக்குப் பத்து நாள் முன்னால் ஒரு கார்டு போக வேண்டும். எழுதுவது என் வேலை. பிளஸ் டூ முடிக்கிறவரை எழுதினேன்.

வெகுநாள் வரை, அந்தக் குடும்பத்தின் கதை அந்தப் பதினைந்து நாளில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாலிசி உயிரோடு இருந்து ஐம்பதாயிரத்துச் சொச்சம் வந்திருந்தாலும் மூன்று வருடச் சாப்பாட்டுக்குக் காணுமா என்று கணக்குப் பார்க்க எனக்கு முப்பது வயதாக வேண்டியிருந்தது.

2010இல் நாங்கள் மடிப்பாக்கத்தில் ஃபிளாட் வாங்கினோம். வீட்டுக்கடன் 18 லட்சம். மகளுக்கு எட்டு மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவரின் பாலிசிகளை எடுத்து டைனிங் டேபிளில் பரப்பினேன். மூன்று இருந்தன. மூன்றும் வரிக்காக மார்ச் மாதங்களில் எடுத்தவை. 80சி பிரிவுக்குக் கணக்குக் காட்ட ஆபீஸில் கேட்பார்கள், யாராவது தெரிந்தவர் ஃபாரத்தோடு வந்து நிற்பார். மூன்றுக்குமாக வருடத்துக்கு 31,000 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தோம். அவருக்கு ஏதாவது ஆனால் கிடைக்கப்போவது, மூன்றையும் கூட்டினால், ஐந்தரை லட்சம். கடனில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். கடன் தவிர வீட்டுச் செலவு மாதம் 25,000. அதில் அவருக்கென்று ஆகிற 5,000 போனால் 20,000. வருடத்துக்கு 2,40,000. மகள் தன் காலில் நிற்க இருபது வருடம் என்று வைத்தால் 48 லட்சம். விலைவாசி ஏறாதா என்று கேட்கலாம். ஏறும், பாங்கில் போட்ட பணத்துக்கு வட்டியும் வரும், இரண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிட்டேன். கடனைச் சேர்த்தால் 66 லட்சம். கையில் இருக்கும் பிஎஃப் நாலு லட்சத்தைக் கழிக்கலாம். என் சம்பளம் பாதிச் செலவைத் தாங்கும், அதையும் கழிக்கலாம். எப்படிப் பார்த்தாலும் முப்பத்தெட்டு லட்சத்துக்குக் கீழே இறங்கவில்லை. நான் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று அடுத்த பத்திரிகையை எடுத்தேன். அதுவரை அந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. அப்பாவின் நோட்டில் பெண்கள் பெயர் அநேகமாக நாமினிக் கட்டத்தில்தான் இருக்கும். சம்பளம் வாங்காத என் அம்மா இல்லாமல் போயிருந்தால் நாலு பேருக்குச் சமையலுக்கும் எங்கள் இருவரையும் வளர்ப்பதற்கும் அப்பா யாருக்கு எவ்வளவு கொடுத்திருப்பார் என்று அந்த ஃபாரங்களில் எங்கும் கேட்டதாக ஞாபகமில்லை.

டெர்ம் பாலிசி ஆன்லைனில் அப்போதுதான் பரவலாக வர ஆரம்பித்திருந்தது. கணவருக்கு 50 லட்சம், எனக்கு 30 லட்சம், முப்பது வருடத்துக்கு. இருவருக்குமாக ஏற்கெனவே கட்டியதில் பாதிகூட ஆகாது. இருந்தால் ஒரு பைசா வராது.

அப்பாவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“ஒண்ணுமே திரும்ப வராதேம்மா.”

“வரலைன்னா நாங்க நல்லா இருக்கோம்னு அர்த்தம்ப்பா.”

“இப்படிச் சொல்லி நான் நம்மூர்ல ஒருத்தனுக்காச்சும் வித்திருக்க முடியுமா?”

முடிந்திருக்காதுதான். அவருக்கு அதில் ஆதாயமும் இல்லை. எண்டோமென்ட் மாதிரி நீண்டகாலப் பாலிசியில் முதல் வருடப் பிரீமியத்தில் நூற்றுக்கு 35 வரை ஏஜென்டுக்குப் போகும், அடுத்த இரண்டு வருடம் ஏழரை, பிறகு ஐந்து. இதுதான் அவர் காலத்துக் கணக்கு. பிரீமியம் பெரிதானால் கமிஷனும் பெரிது. அதற்காக அப்பா ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். டேபிள் 14ஐ அவர் மனதார நம்பினார். அவரே 1978இல் இரண்டு எடுத்து வைத்திருந்தார். அவை 1998இல் முதிர்ந்த பணத்தில்தான் நான் கல்லூரியில் சேர்ந்தேன். கட்டாயமாகக் கட்ட வேண்டிய தவணை இல்லாவிட்டால் அந்தப் பணம் எப்போதோ சைக்கிள் டயருக்கும் சீர்வரிசைக்கும் போயிருக்கும்.

ஆனாலும் கணக்கு கணக்குதான். ஒரு லட்சத்துக்கு இருபது வருடப் பாலிசி, வருடத்துக்கு 5,000 கட்டுகிறோம் என்று வையுங்கள். போனஸ் ஆயிரத்துக்கு 42 ரூபாய் வாக்கில். வட்டிக்கு வட்டி கிடையாது. வருடா வருடம் 4,200 தனியாக எழுதி வைப்பார்கள். இருபது வருடத்தில் 84,000. ஆக, கையில் வருவது 1,84,000. இரட்டிப்பு என்று பார்ப்பவருக்குத் தோன்றும். வட்டியாகப் பிரித்தால் ஐந்தரை சதவீதம். கடைசியில் கூடுதல் போனஸ் கொஞ்சம் சேர்ந்தாலும் ஆறைத் தாண்டுவது கஷ்டம். அந்த 2010இல் பிபிஎஃப் எட்டு சதவீதம் கொடுத்துக்கொண்டிருந்தது. அதே 5,000 அந்த வட்டியிலேயே இருபது வருடம் இருந்தால் 2,47,000. சேமிக்க வேண்டுமென்றால் சேமிக்கிற இடத்தில் சேமிக்கலாம்.

பழைய மூன்றில் ஒன்று முதிர நாலு வருடம்தான் பாக்கி, அதை வைத்துக்கொண்டோம். மற்ற இரண்டையும் சரண்டர் செய்தால் கட்டியதில் பெரும்பகுதி போய்விடும். தவணையை நிறுத்திப் பெய்டப் ஆக்கிவிட்டோம். கட்டிய அளவுக்கான தொகையும் அதுவரை சேர்ந்த போனஸும் காலம் முடிந்ததும் வரும். பெய்டப் என்று நானே என் கையால் எழுதிக் கையெழுத்துப் போடும்போது அந்தப் பிளாஸ்டிக் உறை ஞாபகம் வந்தது.

டெர்ம் ஃபாரம் நிரப்ப அப்பாவையே உட்கார வைத்தேன். மகளைப் பார்க்க வந்திருந்தார். லேப்டாப்பில் புகைப்பழக்கம் உண்டா என்ற கேள்வி வந்தது. “எப்பவாவது ஒண்ணு. இல்லைன்னு போடு” என்றார் கணவர். மாப்பிள்ளையிடம் குரலை உயர்த்தாத அப்பா அன்றைக்கு உயர்த்தினார்.

“அது உங்களுக்கு எழுதுற பதில் இல்ல மாப்ள. நீங்க இல்லாதப்ப இந்தப் பிள்ள கையில வச்சுக்கிட்டு நிக்கப்போற காகிதம்.”

சர்க்கரையை மறைத்து எழுதிய ஒருவரின் கிளைம் எப்படி மறுக்கப்பட்டது என்று சொன்னார். பாலிசி எடுத்த முதல் சில வருடங்களுக்குள் இறப்பு நேர்ந்தால் ஆஸ்பத்திரிச் சீட்டு வரை துருவுவார்கள். காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு அதற்கு ஒரு காலக்கெடு வைத்திருக்கிறது. முன்பு இரண்டு வருடம், 2015 திருத்தத்துக்குப் பிறகு மூன்று. அது கடந்துவிட்டால் எதையும் காரணம் காட்டி மறுக்க முடியாது. நாங்கள் உண்மையை எழுதினோம். பிரீமியம் ஏறியது. கணவர் சிகரெட்டை நிறுத்தவில்லை, பிரீமியத்தைப் பற்றி முணுமுணுப்பதையும் நிறுத்தவில்லை.

அப்பா சொன்ன இன்னொன்று மிகவும் உதவியது. கணவர் அப்போது தன் தம்பியின் கடைக்கடனுக்கு ஜாமீன் போட்டிருந்தார். பாலிசி எடுக்கும்போதே 1874ஆம் வருடத்துத் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் என்று எழுதிக் கொடுத்துவிட்டால், அந்தப் பணம் மனைவி மக்களுக்கென்று ஒதுங்கிவிடும். கடன்காரர்கள் கைவைக்க முடியாது. எடுத்த பிறகு சேர்க்க முடியாது. முப்பது வருட அனுபவத்தில் அதை எழுதிக் கேட்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான் என்றார் அப்பா.

எல்லாருக்கும் இன்சூரன்ஸ் தேவையா என்றால், இல்லை. சாத்தூரில் ஒரு தலைமையாசிரியை இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பென்ஷன் உண்டு, சொந்த வீடு உண்டு, தம்பி தங்கைகள் எல்லாரும் செட்டில் ஆனவர்கள். ஒரு மார்ச் மாதம், அப்பாவுக்கு டார்கெட் முடியாமல் இருந்த நேரம், அவரே கூப்பிட்டனுப்பிப் பாலிசி வேண்டும் என்றார். அப்பா காபி குடித்துவிட்டு, “டீச்சர், நீங்க இல்லைன்னா யாரு வீட்டுல அடுப்பு எரியாது?” என்று கேட்டார். டீச்சர் யோசித்து, “யாரு வீட்டுலயும் இல்ல” என்றார். “அப்ப எதுக்கு? போஸ்ட் ஆபீஸ்ல போடுங்க” என்று எழுந்து வந்துவிட்டார். வீட்டில் அம்மா அதற்காக ஒரு வாரம் பேசவில்லை. அவர் சுருக்கமாகக் கேட்ட அந்தக் கேள்வியைத்தான் நான் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் விரித்துப் போட்டேன் என்பது பிறகுதான் உறைத்தது. அதே அப்பா பச்சைக் குழந்தைகள் பெயரிலும் நிறையப் பாலிசி போட்டிருக்கிறார். குழந்தையின் சம்பாத்தியத்தில் எந்த வீட்டு அடுப்பு எரிகிறது? கேட்டால், “தாத்தா பாட்டிக ஆசப்பட்டுப் போடுறாக, நான் என்ன செய்ய” என்பார்.

என் அத்தைக்கு இப்படிக் கேட்க ஆள் இல்லை. அறுபத்தோரு வயதில், முதிர்ந்த எஃப்டியைப் புதுப்பிக்க ஒரு பாங்குக்குப் போனவரிடம், “இதுவும் எஃப்டி மாதிரிதான்மா, வட்டி ஜாஸ்தி” என்று சொல்லி, பங்குச்சந்தையோடு ஏறி இறங்குகிற ஓர் இன்சூரன்ஸில் போட வைத்துவிட்டார்கள். இரண்டாம் வருடத் தவணைக்குக் கடிதம் வந்தபோதுதான் அது இன்சூரன்ஸ் என்றே அவருக்குத் தெரிந்தது. பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க அப்போது பதினைந்து நாள் அவகாசம் உண்டு. அந்தப் பதினைந்து நாளில் அத்தை பாண்டு வந்த கவரைப் பிரிக்கவே இல்லை.

இப்போது எங்கள் அடுக்ககத்துக்குத் தண்ணீர் லாரி ஓட்டி வருகிற தம்பிக்கு நானே பாங்கில் பேசிப் பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டத்தில் சேர்த்துவிட்டேன். வருடத்துக்கு 436 ரூபாய், எந்தக் காரணத்தால் இறந்தாலும் இரண்டு லட்சம், 18இலிருந்து 50 வயதுக்குள் சேரலாம். இரண்டு லட்சம் போதாது; அவர் வருமானத்துக்குப் பெரிய டெர்ம் பாலிசி கிடைப்பதும் சுலபமில்லை. மே மாதக் கடைசியில் கணக்கில் பணம் இல்லாவிட்டால் காப்பு நின்றுவிடும். மே 20 வாக்கில் அவருக்கு வாட்ஸப் அனுப்புகிறேன். போஸ்ட் கார்டு எழுதிய கை.

அப்பா 2018இல் போனார். அவர் பேரில் அப்போது எந்தப் பாலிசியும் இல்லை, தேவையும் இல்லை. அக்காவும் நானும் சம்பாதிக்கிறோம். ஆனால் ஏஜென்ட் இறந்தாலும் அவர் பிடித்த பாலிசிகளின் புதுப்பிப்புக் கமிஷன் வாரிசுக்கு வந்துகொண்டிருக்கும். யார் யாரோ கட்டுகிற டேபிள் 14 தவணைகளிலிருந்து அம்மாவின் பாங்குக் கணக்கில் மாதா மாதம் கொஞ்சம் விழுகிறது. பாலிசிகள் ஒவ்வொன்றாக முதிர முதிர அதுவும் குறைந்துகொண்டே வருகிறது. அம்மா அதை ‘அப்பா சம்பளம்’ என்கிறாள். போன மாதம் வந்தது 1,140 ரூபாய்.